அறை போட்டவரின் ஒரு வரி

மே மாதம் கொடைக்கானலில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த ஹோம்ஸ்டே தளத்தில் கணக்கு தொடங்கி, பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், தங்கும் தேதி, வண்டி எண், ஆதார் நகல் என்று கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு மலையேறுகிறோம். அந்தத் தளத்தின் டேட்டாபேஸை யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் (கற்பனைத் தளம்தான், எந்த விடுதியையும் சொல்லவில்லை) அதில் நாம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி என்னவெல்லாம் சொல்லும்?

எல்லாருக்கும் முதல் பயம் பாஸ்வேர்டு பற்றித்தான். ஒழுங்கான தளம் அதை அப்படியே எழுதிவைக்காது. ஹேஷ் என்ற கணக்கில் போட்டு, வருகிற எழுத்துக்கோவையை மட்டும் சேமிக்கும். தாண்டிக்குடிக் காபியை அரைத்த மாதிரி, தூளிலிருந்து கொட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் திருடனுக்கு அது தேவையே இல்லை. தன்னிடமுள்ள கொட்டைகளை ஒவ்வொன்றாக அரைத்து, எந்தத் தூள் ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும். எதை முதலில் அரைப்பது என்பதும் அவனுக்குத் தெரியும். 2009-இல் ராக்யூ என்ற இணைய நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடிப் பயனர்களின் பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியாகின. முதலிடம் 123456-க்கு. அன்றிலிருந்து அந்தப் பட்டியல்தான் ஹேக்கர்களின் அகராதி. ஒரு சொல், பின்னால் ஓர் ஆண்டு என்ற பாணி மென்பொருளுக்கு அத்துப்படி. ‘குறிஞ்சி2018’ என்று ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, பூத்த வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தால், பாவம்.

2013-இல் அடோபி என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே பாஸ்வேர்டுகள் மறைகுறியாக மாற்றி, பூட்டித்தான் இருந்தன. ஆனால் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இருவருக்கும் ஒரே மறைகுறி வரும். மறந்துபோனால் உதவட்டும் என்று பயனர்கள் எழுதிவைத்த குறிப்போ பூட்டப்படவே இல்லை. ஒரே மறைகுறி உள்ள மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குறிப்பு ‘மலைகளின் இளவரசி’, இன்னொருவருக்கு ‘ஹனிமூன் போன இடம்’, மூன்றாமவருக்கு ‘ஏரி, படகு’. விடை கொடைக்கானல். பூட்டை உடைக்காமலே மூவரின் கதவும் திறந்தது. ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் தனித்தனியே சில எழுத்துகளைக் கலந்து ஹேஷ் போட்டால் இந்த ஒற்றுமை தெரியாது. நல்ல தளங்கள் அப்படித்தான் செய்கின்றன.

சரி, பாஸ்வேர்டை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அந்த வரியில் மிச்சமிருப்பதற்குத்தான். 10-ஆம் தேதி முதல் 13 வரை நான்கு பேர் கொடைக்கானலில் என்றால், ஊரில் அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. வண்டி எண் தெரியும், கைபேசி எண் தெரியும். “சார், பத்தாம் தேதி புக்கிங்குக்குப் பேமென்ட் போகல, இந்த லிங்க்ல கட்டிடுங்க” என்று ஒருவன் அழைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தேதியும் பெயரும் சரியாகச் சொல்கிறானே.

அந்த வரி தனியாகவும் இருப்பதில்லை. கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பிடித்துக்கொண்டு வேறொரு கசிவின் வரியோடு ஒட்டலாம். 2021-இல் இந்திய டாமினோஸின் 18 கோடி ஆர்டர்களின் விவரம் வெளியானபோது, கைபேசி எண்ணைத் தட்டினால் ஆர்டர்களைக் காட்டும் தேடுபக்கத்தையே திருடியவர்கள் போட்டுவிட்டார்கள். பீட்சா எந்த வீட்டுக்குப் போனது என்பதும் அதில் இருந்தது. அதை ஹோம்ஸ்டே வரியோடு சேர்த்தால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முகவரியும் கிடைத்துவிடும்.

சில இடங்களில் பட்டியலில் பெயர் இருப்பதே போதும். 2015-இல் ஆஷ்லி மேடிசன் என்ற, மணமானவர்களுக்கு ரகசிய உறவு தேடித்தரும் தளம் கசிந்தபோது, மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்தே பலர் மிரட்டப்பட்டார்கள்.

பிறந்த தேதியையோ ஆதார் எண்ணையோ பாஸ்வேர்டு மாதிரி மாற்ற முடியாது. அறை பதிய ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’ ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி அதிலும் இருக்கும், எண்ணாவது தப்பும்.