தையல் ஆறியும் விரல் மரத்திருக்கிறதா?

எட்டு மாதத்துக்கு முன் ஜன்னல் கண்ணாடி மணிக்கட்டில் கிழித்தது என்று ஒரு தம்பி வந்தார். தழும்பு அழகாக ஆறியிருந்தது. ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துக் கிடந்தன. இரண்டு விரல்களும் கொக்கி போல் மடங்கியிருந்தன. "தையல் போட்டாச்சே, மரமரப்பு தானா போயிடும்னு விட்டுட்டேன் டாக்டர்" என்றார். தோலைத் தைத்த அன்று, அடியில் அறுந்து கிடந்த நரம்பை யாரும் தேடவில்லை.

அந்த எட்டு மாதமும் அவர் கைக்குள் ஷ்வான் செல்கள் காத்துக்கொண்டிருந்தன. நரம்பு இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்தி வைப்பவை இவைதாம். நரம்பு அறுந்ததும் வெட்டுக்கு அப்பாலுள்ள இழை சில நாட்களில் சிதைந்துவிடும். 1850-ல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்த வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்தார். இழை அழிந்தாலும் ஷ்வான் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கின்றன. தாங்களே சுற்றிய மயலினைத் தாங்களே உடைக்கின்றன. மிச்சக் குப்பையை அள்ள ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ் செல்களை அழைக்கின்றன. பிறகு பெருகி, இழை இருந்த பழைய குழாய்க்குள் வரிசைகட்டி நின்று, வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. புதிய இழை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் விரல்வரை ஊர்ந்து போகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இப்படி வழிவிடும் துணைச் செல்கள் இல்லை. அங்கே தழும்பும் மயலின் மிச்சமும் இழையைத் தடுத்துவிடுகின்றன.

ஆனால் இழை வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். முழங்கையில் அறுந்தால் கைத்தசையை எட்ட ஏறக்குறைய ஒரு வருடம். இழை வராமல் மாதக்கணக்கில் நின்றால் ஷ்வான் செல்களின் அந்த வேகமும் தளர்ந்துவிடும். தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்தால் மீள்வது அரிது. இரண்டு முனையும் விலகிக் கிடந்தால் இழைக்கு வழியும் தெரியாது, அங்கேயே முடிச்சாகச் சுருண்டுவிடும்.

அமுங்கி மரத்த நரம்பு பல நேரம் சில வாரங்களில் தானாகத் தேறும், உண்மைதான். கண்ணாடி, கத்தி, தகரம் வெட்டிய காயம் அப்படியல்ல. தையலுக்கு முன்பே கண்ணை மூடி ஒவ்வொரு விரல் நுனியையும் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். விரல்களை விரித்துச் சேர்த்துப் பாருங்கள். ஒரு விரல் மந்தமாக இருந்தாலும் "நரம்பு அறுந்திருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அன்றைக்கோ சில நாட்களுக்குள்ளோ நுண்ணோக்கி வைத்து நேராகத் தைத்துவிடலாம்.

அந்தத் தம்பிக்கு நேராகத் தைக்க முடியவில்லை, முனைகள் சுருங்கி விலகியிருந்தன. காலிலிருந்து நரம்புத் துண்டு எடுத்து இடையில் வைத்தோம். சுண்டு விரலில் சூடு இப்போது தெரிகிறது. விரல்களை விரிக்க மட்டும் இன்னும் முடியவில்லை.