இணைச்சீருக்குக் கூப்பிடவில்லை

"சின்ன விசயமுங்க மேடம். இதுக்குப் போயி மூணு வாரமா சோறு எறங்காமக் கெடக்கறா" என்றார் கணவர். பக்கத்தில் அந்த அம்மணி தலை நிமிரவே இல்லை. ஈரோட்டில் மனநல ஆலோசனைக்காக என்னிடம் வருவதற்கு முன்பே நெஞ்சு பாரத்துக்காக இசிஜி எடுத்திருந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நடந்தது இதுதான். அம்மணியின் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். கொங்குப் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெண் செய்யும் சடங்குதான் இணைச்சீர். இந்த மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. சின்ன வயதிலிருந்தே "நீதான் எனக்கு இணைச்சீர் செய்யணும்" என்று சொல்லி வந்த அண்ணன், அன்றைக்கு வேறொரு தங்கையை உட்கார வைத்துவிட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

இது சின்ன விசயம் இல்லை. 2003இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர், வேறு இரண்டு பேருடன் கணினியில் பந்து வீசி விளையாடுவதாக நம்புவார். கொஞ்ச நேரத்தில் அந்த இருவரும் இவருக்குப் பந்தே போடமாட்டார்கள். அவ்வளவுதான், திட்டுக்கூட இல்லை. உடம்பு வலியின் வேதனையோடு தொடர்புடைய ஆன்டீரியர் சிங்குலேட் என்ற மூளைப் பகுதி அப்போது கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு. அதனால் இரண்டும் ஒரே வலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிரே விளையாடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் மனசு நோகிறது என்று 2004இல் இன்னோர் ஆய்வு காட்டியது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும்.

கூட்டத்தோடு சேர்ந்திருந்துதான் மனித இனம் பிழைத்தது. ஊரைவிட்டுத் தள்ளி வைப்பதை நம் பெரியவர்கள் பெரிய தண்டனையாக வைத்திருந்ததும் சும்மா இல்லை.

என்னிடம் வருகிறவர்களை அதிகம் வாட்டுவது இரண்டாவது அடிதான். முதலில் ஒதுக்கப்பட்டது வலிக்கிறது. அப்புறம் வீட்டிலேயே "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்கும்போது, வலிப்பதே தப்பு என்று ஆகிவிடுகிறது. பிறகு யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

அந்தக் கணவரைத் தனியே கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: பெரியப்பா வீட்டுக்கு நியாயம் பேசாதீர்கள், ஆறுதல் வார்த்தையும் தேட வேண்டாம், ஒருநாள் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். அண்ணன் இன்னும் பேசவில்லை. "இவரு கேட்டாருங்க மேடம். நாந்தான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிட்டே இருந்தேன்" என்றார் அம்மணி.

சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.