ஷார்ட் ஆனால் பிரேக்கர் விழும் என்று ஜெனரேட்டரை நம்பாதீர்கள்

கேபிள் முழுவதும் கருகிக் கிடக்க, பிரேக்கர் மட்டும் விழாமல் அப்படியே ஆனில் நிற்கும் ஜெனரேட்டர் பேனல் ஒன்றை இந்த வாரமும் பரிசோதிக்க நேர்ந்தது. பிரேக்கர் பழுது என்று எழுதித் தரச் சொன்னார்கள். பிரேக்கரில் குறையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பேனலின் செட்டிங்கை அப்படியே பார்த்து இதிலும் வைத்ததுதான் குறை.

ஷார்ட் ஆனால் மின்னோட்டம் எகிறும், எகிறினால் பிரேக்கர் விழும் என்ற நம்பிக்கை, பின்னால் பெரிய மின்கட்டமைப்பு நிற்கும் சப்ளைக்குத்தான் பொருந்தும். 5 சதவீத இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு உள்ளே இருக்கும் தடை) கொண்ட 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், தன் முழுச்சுமையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு மின்னோட்டத்தைப் பழுது நீங்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே 500 கேவிஏ, 400 வோல்ட் ஜெனரேட்டருக்கு முழுச்சுமை 722 ஆம்பியர். சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ், அதாவது ஷார்ட் ஆன முதல் கணங்களில் ஜெனரேட்டர் காட்டும் உள்தடை, 12 சதவீதம் என்றால், முனையிலேயே மூன்று பேஸும் ஷார்ட் ஆகும்போது முதலில் வருவது சுமார் 6,000 ஆம்பியர்தான். (ஷார்ட் ஆன கணத்தில் கொஞ்ச நேரம் கூடவே வரும் டிசி கூறு சேர்ந்த முதல் உச்சத்தை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.) அதுவும் சில சைக்கிள்களிலேயே தேயத் தொடங்கிவிடும். ஏவிஆர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) தனக்கு வேண்டிய மின்சாரத்தை முனையிலிருந்தே எடுக்கும் இயந்திரத்தில், முனை மின்னழுத்தம் வீழ்ந்ததும் எக்சைட்டேஷனும் (ரோட்டரைக் காந்தமாக்கும் மின்சாரமும்) வற்றி, மின்னோட்டம் முழுச்சுமைக்கும் கீழே போய்விடும். 10 மடங்கில், அதாவது 8,000 ஆம்பியரில், உடனே விழும்படி வைக்கப்பட்ட 800 ஆம்பியர் பிரேக்கர் எதைக் கண்டு விழும்?

“எங்களுடையதில் பிஎம்ஜி இருக்கிறதே” என்பார்கள். ஏவிஆருக்குத் தனியாக மின்சாரம் தரும் சிறிய நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் அது. கருகிய இடத்திலும் இருந்தது. அது பொதுவாக 3 மடங்கு மின்னோட்டத்தை 10 நொடி தாங்கிப் பிடிக்கும். ஏறத்தாழ 2,170 ஆம்பியரில் தெர்மல் டிரிப் (பிரேக்கரைச் சூடேறி விழவைக்கும் அமைப்பு) விழ அதைவிட நேரம் பிடிக்கும், அதற்குள் சிறிய கிளைக் கேபிள் வெந்துவிடும்.

ஆகவே, இயந்திரத் தயாரிப்பாளரிடம் டெக்ரிமென்ட் கர்வை (ஷார்ட் மின்னோட்டம் நேரத்தோடு தேய்வதைக் காட்டும் வரைபடத்தை) வாங்காமல் செட்டிங் வைக்காதீர்கள். ஷார்ட் டைம் பிக்கப்பை (சிறு தாமதத்துக்குப் பின் பிரேக்கர் விழ வேண்டிய மின்னோட்ட அளவை), இயந்திரம் தாங்கிப் பிடிக்கும் மின்னோட்டத்துக்குக் கீழே வைத்து, மோட்டார் கிளம்பும்போது வீணாக விழாதபடி சிறிது தாமதம் கொடுங்கள். எர்த் ஃபால்டுக்கு (மின்சாரம் பூமிக்குப் பாயும் பழுதுக்கு) தனிப் பாதுகாப்பு வேண்டும். ஸ்டேட்டருக்குள்ளேயே (ஜெனரேட்டரின் சுழலாத சுருள் பகுதிக்குள்ளேயே) பழுது என்றால் மெயின் பிரேக்கர் திறந்து பயனில்லை. சுழலும் இயந்திரமே அந்தப் பழுதுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் என்பதால், எக்சைட்டேஷனைத் துண்டித்து எஞ்சினை நிறுத்தும் டிரிப் அவசியம். தயவுசெய்து, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துக் கேபிளைப் பார்க்காமல், விழுந்த பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.