சாம்பேசிப் படுகை: மக்காச்சோளம் பூக்கும் இரண்டு வாரங்கள்

அங்கோலா முதல் மொசாம்பிக் வரை எட்டு நாடுகளில் பரந்துள்ள சாம்பேசி ஆற்றுப் படுகையில் மக்காச்சோளமே முதன்மை உணவு. அதன் மாவைக் கிளறிச் செய்யும் களியைச் சாம்பியாவில் ந்ஷிமா என்றும் சிம்பாப்வேயில் சட்சா என்றும் அழைக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆறு ஓடினாலும் சிறு உழவர்களின் வயல்களில் பெரும்பாலானவை மானாவாரி நிலங்கள். நவம்பர் வாக்கில் மழை இறங்கினால்தான் விதைப்பு.

பருவம் முழுவதும் எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது. அதற்குச் செடியின் அமைப்பே காரணம். மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியிலும் பெண் கதிர் தண்டின் நடுப்பகுதியிலும் தனித்தனியே அமைந்துள்ளன. கதிரின் நுனியில் குஞ்சம்போல் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு சூலுடன் இணைந்திருப்பதால், மகரந்தம் படாத இழையின் அடியில் மணி பிடிக்காது. நீரின் அழுத்தத்தால் நீண்டு வளரும் இந்த இழை, மண்ணில் ஈரம் குறைந்தால் வெளிவரத் தாமதிக்கிறது. ஆண் பூவோ காத்திருப்பதில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் மகரந்தத்தை உதிர்த்து முடிக்கிறது. பிந்திய இழைகளுக்கு மகரந்தம் கிடைக்காமல் போனால், ஆளுயரம் வளர்ந்து பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரிலும் பொக்குக் கதிரே மிஞ்சும்.

புவி வெப்பமாதல் பயிர் பூக்கும் இந்த இரண்டு வாரங்களைத்தான் மேலும் கடினமாக்குகிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுவதால், மழையற்ற நாள்களில் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரம் இன்னும் விரைவாக வெளியேறுகிறது. ஆப்பிரிக்காவில் நடந்த 20,000-க்கும் மேற்பட்ட வயல் சோதனைகளின் தரவுகளைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வின்படி, 30 டிகிரிக்கு மேல் பயிர் பெறும் ஒவ்வொரு டிகிரி-நாளுக்கும் (ஒரு நாள் முழுதும் 31 டிகிரி நீடித்தால் அது ஒரு டிகிரி-நாள்) விளைச்சல் நல்ல ஈரத்தில் 1 சதவீதமும் வறட்சியில் 1.7 சதவீதமும் குறைகிறது.

2024 பிப்ரவரியில், பயிர் பூக்கும் காலத்தில், சாம்பியாவில் மழை பொய்த்தது. அந்த மாதம் 29-ஆம் நாள் தேசியப் பேரிடர் அறிவிக்கப்பட்டது. விதைத்த 22 இலட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேர் மக்காச்சோளம் அழிந்திருந்தது. மழை பொய்த்ததற்கு முதன்மைக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிகழ்வே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே அந்த வறட்சியை முழுவதும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனால், எல் நினோ வரும் ஆண்டுகளிலும் வராத ஆண்டுகளிலும் அடிப்படை வெப்பநிலை உயர்ந்துகொண்டே போகிறது.

ஆண் பூவுக்கும் பட்டு இழைக்கும் இடையிலான நாள் இடைவெளி குறைவாக உள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்தே வறட்சி தாங்கும் இரகங்களை உருவாக்கி வருகிறார்கள். இவை மிதமான வறட்சியில் கைகொடுக்கின்றன. வேர்ப்பகுதி முற்றிலும் காய்ந்துபோன வயலில் எந்த இரகமும் மணி பிடிக்காது. படுகையின் வறண்ட பகுதிகளில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் வருமுன் அங்கே விளைந்த சோளத்தையும் சிறுதானியங்களையும் மீண்டும் விதைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஈரம் குறையும்போது சோளப்பயிர் வளர்ச்சியை நிறுத்திவைத்து, மழை திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.