கூலி: ஊதியம் வசையான கதை

கூலி, பெயர்ச்சொல். செய்த வேலைக்குக் கைமேல் வாங்கும் ஊதியம். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறள் (619) சொல்லும்போது அதில் துளி இழிவும் கிடையாது.

ஆங்கிலத்துக்குப் போய் 'coolie' ஆனதும் பொருள் ஊதியத்தை விட்டு, அதை வாங்கும் ஆள்மேல் ஏறிக்கொண்டது. மூலம் நம் கூலியா, குஜராத்தின் கோலி சமூகப் பெயரா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இன்னும் இழுபறி.

வசையானதை, இன்றைய தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நேட்டாலில் பார்க்கலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள்களைக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது. அவர்கள் கூலிகள். சரி, அப்புறம் கடை வைக்க வந்தவர் 'கூலி வியாபாரி', வழக்காட வந்த காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனது எப்படி? தினக்கூலிக்கே போகாதவருக்கும் ஒட்டிய பெயர் தொழிலைக் குறிக்கவில்லை, பிறப்பைத்தான் குறித்தது. தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி'யும் அங்கே ஏளன விளிதான். 'சாமி என்றால் எஜமான், நான் உன் எஜமான் இல்லையே' என்று சிலர் திருப்பிக் கொடுத்ததைக் காந்தி எழுதியிருக்கிறார்.

'உழைப்பாளி என்ற பொருளில்தான் சொன்னேன், மனதில் ஒன்றுமில்லை' என்ற சமாதானம் பழையது. தொழிலாளர் குறைகளை விசாரிக்க 1872-ல் நேட்டால் அரசு அமைத்த குழுவின் பெயரே 'கூலி கமிஷன்'. கெடுதல் செய்ய அமைத்ததல்ல. பெயரின் இழிவு அதனால் குறைந்துவிடுமா?

2018-ல் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு இதையொத்த ஒரு வழக்கு வந்தது. சுரங்க நிறுவனம் ஒன்றில் கார் நிறுத்தும் தகராறில் ஒருவர் சக ஊழியரை 'கறுப்பு ஆள்' என்று சொன்னதாகப் புகார். வெறும் அடையாளத்துக்குச் சொன்னது என்ற வாதம் எடுபடவில்லை. சூழல் தெரிந்த நியாயமான ஒருவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதே அளவுகோல் என்றது நீதிமன்றம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. சொன்னவரை மன்னிக்கலாமா என்று பார்க்கும்போது நோக்கத்தைக் கேட்கலாம். சொல்லை எடைபோட அது உதவாது.

ஆங்கில 'coolie'யைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது, அது தொழிலை மட்டும் குறித்தால் 'கூலித் தொழிலாளி', 'ஒப்பந்தத் தொழிலாளி' போதும். வசையாக வரும் இடத்தில் 'கூலி' என்றே விட்டால் நம் காதில் குத்தாது. 'கூலிக்காரப் பயல்' ஓரளவு நெருங்கும். அசல் இணை இலங்கையில் இருக்கிறது: மலையகத் தமிழரை மற்றத் தமிழர் அழைத்த 'தோட்டக்காட்டான்'. வசை என்ற நினைப்பே இல்லாமல் அது புழங்கிய வீடுகளும் உண்டு.