501வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

கரண்ட் பில் ஏன் இவ்வளவு வந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, "இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட்? 500க்கு மேலா, கீழா?" என்பதைத்தான். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணத்தைப் புரிந்துகொள்ள இந்த ஓர் எல்லையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வருடக்கணக்காக பில் கட்டும் பலருக்கும் இது தெரியாமலே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. வருமானச் சான்று வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், பில் போடும்போதே கழிந்துவிடும். அதற்கு மேலே போகும் யூனிட்டுகளுக்குத்தான் படிப்படியாகக் கட்டணம். 2024 ஜூலை 1 முதல் அமலான கட்டணத்தில், அரசு மானியம் போக நாம் கட்டுவது இது: மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,805 ரூபாய்.

இப்போது ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடிவிட்டது என்று வையுங்கள். அந்த யூனிட்டுக்கு 8.40 ரூபாய் சேரும், அவ்வளவுதான் என்று தோன்றும். பில்லோ 2,048 ரூபாய் 40 காசுக்குப் போய் நிற்கும். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 ரூபாய்ச் சலுகையே கிடையாது. 101வது யூனிட்டிலிருந்தே 4.70 கணக்குதான். அந்த 100 யூனிட்டில் மட்டும் 235 ரூபாய் கூடிவிடுகிறது, அதனால்தான் 501வது யூனிட்டின் விலை 243 ரூபாய். இலவச 100 மட்டும் அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகள், உறவினர்கள் என்று வீடு நிறைந்திருந்தது. ரீடிங் 512 வந்தது. 12 யூனிட்டுக்கு 336 ரூபாய் கூடுதலாகக் கட்டினோம். கடைசி வாரத்தில் மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அன்றிலிருந்து ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் எழுதி வைக்கிறேன். 60 நாளில் 500 யூனிட் என்றால் நாளுக்கு 8 யூனிட்டும் கொஞ்சமும். 45வது நாளில் 375க்குள் இருந்தால் கவலையில்லை. தாண்டியிருந்தால் மீதி 15 நாளில் எதைக் குறைப்பது என்று யோசிக்க நேரம் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் 'கிலோவாட் மணி' (kWh) குறியீடு வரும்போது தெரியும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும்.

எதைக் குறைப்பது? 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பலர் பல்பை அணைப்பதில் காட்டும் கவனத்தை ஃபேனில் காட்டுவதில்லை. பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் ஆகிவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே வேலையை 27 யூனிட்டில் முடிக்கும். ஒரு ஃபேனை மாற்றினாலே 40 யூனிட் மிச்சம். 540 யூனிட் ஓடும் வீட்டில் பில் 2,376 ரூபாய். அந்த 40 குறைந்து 500க்கு வந்தால் 1,805. ஒரு ஃபேன், ஒரு பில்லில் 571 ரூபாய்! 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம் என்பதால், கடையில் அதைப் பார்த்தே வாங்கலாம்.

அடுத்தது கீசர். 2,000 வாட் கீசரை தினமும் அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். ஏசி வைத்திருப்பவர்கள் 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதையும் சுவிட்சில் அணையுங்கள்.

அப்புறம், வாடகை வீடு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர், மாடிக்கு ஒரு சப் மீட்டர் என்று பல இடங்களில் இருக்கிறது. இரண்டு குடும்பமும் 300 யூனிட் செலவழித்தால் பில் 600 யூனிட்டுக்கு வரும். அதாவது 2,880 ரூபாய். தனித்தனி இணைப்பாக இருந்திருந்தால் ஆளுக்கு 705, மொத்தம் 1,410தான். சரிபாதிக்கும் மேல் வீணாகிறது, அதுவும் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் விழுகிறது. வீட்டுப் பகுதிகள் நிரந்தரமாகத் தடுத்துப் பிரிக்கப்பட்டிருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. விண்ணப்பத்தை வீட்டு உரிமையாளரை வைத்துத்தான் நகர்த்த வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு சுலபமாகும், உரிமையாளருக்கும் அதில் லாபம் உண்டு.

ரீடிங் எடுக்க வருபவர் தாமதமாக வந்தால், கூடுதல் நாட்களின் யூனிட்டும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிடக்கூடும். 60வது நாளிலேயே மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பில் தவறு என்று பட்டால், அந்தப் படத்தோடு உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் பேசுங்கள். பேசும்போது மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.