எல்லாம் இடிஞ்சு விழுந்தா போய் ஒளிய நிலம் தேடுறவங்க கவனத்துக்கு

போன மாசம் இன்னொருத்தர். ஓஎம்ஆர்ல வேலை, நல்ல மனுஷன், வந்தவாசி தாண்டி உள்ள ரெண்டு ஏக்கர் வாங்கி பத்திரமும் முடிச்சுட்டு அப்புறமா போன் பண்றாரு, "சார், வந்து போர்வெல் போட ஒரு பாயின்ட் பாத்துக் குடுங்க"ன்னு. எதுக்கு நிலம்னு கேட்டா, கரண்ட் இல்ல பேங்க் இல்ல கடை இல்லன்னு ஒரு நாள் எல்லாமே நின்னு போச்சுன்னா குடும்பத்தோட போய் இருக்குறதுக்காம். எக்ஸெல் ஷீட்ல மார்க் போட்டு செலக்ட் பண்ணிருக்காரு. மெயின் ரோட்டுல இருந்து தெரியக்கூடாது, சுத்துவட்டாரத்துல ஊரே இருக்கக்கூடாது, நிலம் மேடா இருக்கணும். தண்ணிக்கு ஒரே ஒரு வரி, அதுல "போர் போட்டுக்கலாம்"னு எழுதி டிக் அடிச்சிருந்தாரு.

நான் ஜியாலஜிஸ்ட், நிலத்தடி நீர் பாக்குறது என் பொழப்பு. லாக்டவுனுக்கு அப்புறம் இந்த மாதிரி கேஸ் வர்றது நிக்கவே மாட்டேங்குது, அத்தனை பேரும் வாங்கி முடிச்சுட்டுதான் கூப்பிடுறாங்க. அவங்க பயத்தை நான் கிண்டல் பண்ணல. 2015 டிசம்பர் வெள்ளம், 2019 தண்ணிப் பஞ்சம், 2020, அப்புறம் 2023 மிக்ஜாம் புயல், இத்தனையும் பாத்த சென்னைக்காரனுக்கு பயம் வரலன்னாதான் ஆச்சரியம். பயத்துல எடுக்குற முடிவுதான் எரிச்சலா இருக்கு.

முதல்ல அந்த "போர் போட்டுக்கலாம்". ஐயா, போர்ங்கறது தரையில போடுற ஓட்டை, அவ்வளவுதான். செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி பக்கமெல்லாம் பெரும்பாலும் கெட்டிப் பாறை, பல்லாவரம் மலையில பாக்குறீங்களே அதே சார்னோக்கைட் இல்லன்னா அதோட சொந்தக்காரப் பாறை. மேல கொஞ்சம் செம்மண்ணு, அதுக்குக் கீழ மக்கிப்போன பாறை, அதுலதான் தண்ணி நிக்கும், அதையும் தாண்டினா வெடிப்பு இருக்குற இடத்துல மட்டும்தான். பூமிக்கு அடியில ஆறு ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு ஆழமா போகப் போக தண்ணி கூடும்னு சொல்றீங்க பாருங்க, அதைக் கேட்டாத்தான் எனக்கு தலைவலி வருது. கெட்டிப் பாறையில கீழ போகப் போக வெடிப்பு குறையத்தான் செய்யும். (கையில தேங்காய் வச்சு தண்ணி இருக்குற இடம் பாக்குற அண்ணன்மாரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஊர்ல சண்டை வேணாம்.)

சரி, அதிர்ஷ்டத்துல 500 அடியில தண்ணி கிடைச்சுருச்சு, சப்மெர்சிபிள் மோட்டாரும் இறக்கியாச்சு. கரண்ட் இல்லாத உலகத்துக்காகத்தானே போறீங்க, அப்ப அதை எதை வச்சு ஏத்துவீங்க? அடுத்த செகண்டே பதில் வரும், "சோலார் இருக்கே சார்". இருக்கு. காயில் எரிஞ்சா, கன்ட்ரோலர் போனா, குழாய் கழண்டு உள்ள விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க? கோயமுத்தூர்ல இருந்து ஸ்பேர் வர்ற உலகம் இருந்தா நீங்க ஏன் அங்க போய் ஒளியணும்? நம்ம தெருவோரம் நிக்குற இந்தியா மார்க் டூ கைப்பம்பு சுமார் 150 அடி வரைக்கும்தான் இழுக்கும், அதுக்கு மேல ஆழத்துல நிக்குற தண்ணி கரண்ட் இல்லாத அன்னைக்கு உங்களோடது இல்ல. கயித்தையும் வாளியையும் வச்சு எட்டுற தண்ணி இருக்கான்னு பாருங்க. அதாவது கிணறு. அந்த கிணறு இருக்குற இடத்துல ஊர் இருக்கும், ஊர் இல்லாத இடத்துல அநேகமா தண்ணியும் இருக்காது. பக்கத்து நிலமெல்லாம் பச்சையா இருக்கும்போது இந்தக் கல்லாங்குத்தை மட்டும் ஏன் பரம்பரையா எவனும் உழலன்னு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சிருந்தா போதும்.

அரிசி விளைச்சு சாப்பிடுவோம்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு போக நெல்லுக்கு சுமாரா 1,200 மில்லிமீட்டர் தண்ணி வேணும். ஒரு ஏக்கர்னா கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். சென்னையில புக் பண்ணுவீங்களே 12,000 லிட்டர் லாரி, அதுல 400 லாரி. மழை கொஞ்சம் கொடுக்கும், மிச்சம் ஏரி கொடுக்கணும், கொல்லை மேட்டுல இருக்குற நிலத்துக்கு ஏரி எப்படி பாயும்? நெல்லை விடுங்க, கேழ்வரகு போடுங்க, மல்லாட்டை (வேர்க்கடலை) போடுங்க, அதுக்கு இதுல பாதி தண்ணிகூட வேணாம். ஆனா அதையும் எப்ப விதைக்கணும்னு தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும்ல.

இப்ப அந்த "ஊரே இருக்கக்கூடாது" விஷயத்துக்கு வரேன். சென்னை ஜனங்க பயந்து ஓடுறது புதுசு இல்ல. 1914 செப்டம்பர்ல எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டப்பவும் ஓடுனாங்க, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வரான்னு சொன்னப்பவும் ஓடுனாங்க. பெரும்பாலும் சொந்த ஊருக்கு, சித்தப்பா வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு. யாரும் ஆள் இல்லாத மேட்டைத் தேடிப் போகல. அதுக்கும் முன்னாடி 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சத்துல நடந்தது இதுக்கு நேர் எதிர், கிராமத்துல இருந்து ஜனங்க மெட்ராஸுக்கு நடந்து வந்தாங்க, ஏன்னா கப்பல்ல வர்ற தானியம் இங்கதான் இறங்குச்சு, பக்கிங்ஹாம் கால்வாயோட அடையாறு கூவம் நடுவுல இருக்குற துண்டை வெட்டினதே அந்தப் பஞ்ச நிவாரணக் கூலிதான். 2020ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், பல ஊர்ல வேலிக்காத்தான் முள்ளை வெட்டி ரோட்டுல போட்டு, சென்னையில இருந்து வர்றவன் உள்ள வராதேன்னு மறிச்சாங்க. அன்னைக்கு முள்ளை நகத்தி வழி விட்டது யாருக்கு? "இது நம்ம முனுசாமி மருமகன்"னு ஒருத்தர் சொல்லக்கூடிய ஆளுக்குத்தான். உங்களை அப்படிச் சொல்ல அந்த வட்டாரத்துல யாராவது இருக்காங்களா? கம்பி வேலியும் சிசிடிவியும் போட்டு, போற வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம வீக்கெண்டுக்கு கார்ல வந்து போற ஆளை ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியும், இங்க எழுத முடியாது.

2019ஐயும் மறந்துடாதீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்த வருஷம். அப்ப நம்ம ஃப்ளாட்டுக்கு வந்த லாரித் தண்ணி எங்க இருந்து வந்துச்சு? திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வயக்காட்டு கிணத்துல இருந்து. நீங்க ஒளியப் போற இடத்து தண்ணியைத்தான் குடிச்சோம்.

மலைக்குப் போறேங்கறவங்களுக்கு சுருக்கமா, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலையில மண்ணு சரிஞ்சு ஏழு பேர் போனாங்க, சரிவுல வீடு கட்டாதீங்க. ஈசிஆர் ஓரம் வாங்குறவங்க உப்புத் தண்ணிக்கு தயாரா இருங்க. மிச்சம் வழிப்பாதை, பட்டா, வில்லங்கம் எல்லாம் நல்ல வக்கீல்கிட்ட கேளுங்க, அது என் வேலை இல்ல.

நிலம் பாக்குறதுன்னா சித்திரை வைகாசியில போங்க, தயவு செஞ்சு. புரோக்கர் உங்களை மார்கழி தை மாசத்துல கூட்டிட்டுப் போவாரு, ஏரி ரொம்பி இருக்கும், கிணறு மேல வரைக்கும் நிக்கும், கொக்கு பறக்கும், நீங்க அங்கயே அட்வான்ஸ் குடுத்துடுவீங்க. வெயில்ல போய் கிணத்தை எட்டிப் பாருங்க. பக்கத்து நிலத்துல மாடு மேய்க்கிற பெரியவர்கிட்ட உக்காந்து, "2019ல இந்தக் கிணறு வத்துச்சாங்க ஐயா?"ன்னு கேளுங்க, நிலத்துக்குள்ள கரண்ட் விட்டு தண்ணி இருக்கான்னு பாக்குற என் ரெசிஸ்டிவிட்டி மீட்டரை விட அது பெரிய டெஸ்ட். தனிக் கிணறுதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, நாலு பேர் முறை வச்சு இறைக்கிற கிணத்துல ஒரு பங்கு கிடைச்சா சந்தோஷமா வாங்குங்க, தூர் வாரவும் கயிறு பிடிக்கவும் கூட மூணு குடும்பம் இருக்கும். தனியா ஒரு கொட்டாய் போட்டாலும் கூரைத் தண்ணியை சேமிங்க. 1,000 சதுர அடி மொட்டை மாடி, வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழைன்னு வச்சா, வீணாகுறது போக எழுபதாயிரம் லிட்டருக்கு மேல கிடைக்கும். நாலு பேருக்கு குடிக்க சமைக்க ஒரு நாளைக்கு 60 லிட்டர்னு வச்சாலும் வருஷத்துக்கு 22,000 லிட்டர்தான். ஒரு நல்ல சம்ப்பு போதும், மோட்டாரும் வேணாம்.

அப்புறம் தண்ணியில கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் காட்டுற அந்த டிடிஎஸ் மீட்டரைக் கொண்டு போய் தண்ணியில முக்கிட்டு "சூப்பர் வாட்டர் சார்"னு போட்டோ அனுப்பாதீங்க. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம் பாக்குறவங்க ரொம்ப கவனம், அங்க பல இடத்துல தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, டிடிஎஸ் மீட்டரும் காட்டாது, காய்ச்சினா குறையாது, இன்னும் கெட்டிதான் ஆகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, தாண்டின தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா பிள்ளைங்களுக்கு பல்லு கறை பிடிக்கும், பெரியவங்களுக்கு எலும்புல கை வைக்கும். சுத்தமான பாட்டில்ல ரெண்டு லிட்டர் பிடிச்சு மாவட்டத்துல குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுங்க. ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ்னு ஒத்த ரூபா நீட்டாதீங்க.